வீட்டுக் கதையும் எழுத்தறமும்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு குறிப்பேட்டை நம் கையில் தந்தார். அதில் ஒரு சிறுகதை இருந்தது. சபர் போன வாப்பா. ஊரில் காத்திருக்கும் உம்மா. அக்கரையில் வாப்பாவுக்கு அமைந்துவிட்ட மற்றொரு குடும்பம். படித்த மாத்திரத்தில் அஃது அவருடைய வீட்டுக் கதையே என்பது நமக்குப் புலப்பட்டுவிட்டது. கதை நன்றாகவே இருந்தது. ஆயினும் அவர் கேட்டது கதையின் நயத்தைப் பற்றியன்று. "ஹஜ்ரத், இதை அச்சுக்குக் கொடுத்தால் புறம் பேசிய குற்றம் வந்து சேருமா?" என்பதே அவர் வினா.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. புறம் பேசுதலைத் திருமறையின் 'ஹுஜுராத்' அத்தியாயம் எத்துணைக் கடுமையாக விலக்குகிறது என்பது ஓதியவர் அனைவரும் அறிந்ததே. அதே திருமறையின் 'நிஸா' அத்தியாயமோ, தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் உண்மைக்குச் சாட்சியாக நிற்கும்படி பணிக்கிறது. ஒன்று வாயை அடக்கச் சொல்கிறது. மற்றொன்று வாயைத் திறக்கச் சொல்கிறது. தம் குடும்பத்து வாழ்வைக் கதையாக்க முனையும் எழுத்தாளர் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நிற்கிறார். நமக்கு முன் இவ்விடத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

குடும்பக் கதைகளில் தலைசிறந்தது யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு. திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயம், 111 வசனங்களில், பெரும்பாலும் இவ்வொரு வரலாற்றையே தொடர்ச்சியாகக் கூறிச் செல்கிறது. அதில் உடன்பிறந்தாரின் பொறாமை உண்டு, பாழ்ங்கிணறு உண்டு, சட்டையில் தோய்த்த பொய் இரத்தம் உண்டு, பார்வை மங்குமளவு அழுத தந்தை உண்டு. எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால், குற்றம் புரிந்த அண்ணன்மாருள் ஒருவர் பெயரேனும் அங்கே இல்லை. அமைச்சரின் மனைவி பெயரும் இல்லை. அப்பெயர்களையெல்லாம் பிற்காலத்து விரிவுரைகளும் காவியங்களும் கொண்டுவந்து சேர்த்தன. செயல் சொல்லப்பட்டது, ஆள் சுட்டப்படவில்லை.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. எகிப்தில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் வந்து கூடிய வேளையில், யூசுப் நபி அவர்கள் தம் தந்தையின் முன் இறைவனுடைய பேருதவிகளை எடுத்துரைக்கிறார்கள். சிறையிலிருந்து மீட்டதைச் சொல்கிறார்கள். கிணற்றிலிருந்து மீட்டதைச் சொல்லவில்லை. தம் பக்கத்தில் நின்ற அண்ணன்மார் நாணித் தலைகுனியக் கூடாது என்பதே அதன் காரணம் என்று விரிவுரையாளர்கள் குறித்துள்ளனர். கிணற்றை அவர்கள் மறந்தாரில்லை, பொய் சொன்னாருமில்லை. பாதிக்கப்பட்டவர் தம் வாயால் சொல்லுகையில் எதை விடுவது என்பதற்கு இதனினும் மேலான சான்று நாம் கண்டதில்லை.

அரபி உரைநடையில் வீட்டின் உட்புறத்தை முதன்மையாகக் கொண்டுவந்தவர்களுள் பஸராவின் ஜாஹிழ் குறிப்பிடத்தக்கவர். ஹிஜ்ரி 255இல் மறைந்த இப்பேரறிஞர், 'கிதாபுல் புகலா' என்னும் கருமிகளைப் பற்றிய நூலில் அடுக்களையையும் உணவு விரிப்பையும் இலக்கியமாக்கினார். அதில் மர்யம் என்றொரு தாய் வருகிறாள். மகளுக்குப் பொன்னும் பட்டும் பூட்டித் திருமணம் செய்விக்கிறாள். இச்செல்வம் எங்கிருந்து வந்தது என்று கணவன் திகைக்கிறான். மகள் பிறந்த நாள் முதல், மாப் பிசையும்போதெல்லாம் ஒரு பிடி மாவை எடுத்து வைத்துச் சேர்த்ததை அவள் சொல்கிறாள். நம் பெண்மக்கள் உலையில் இடும்முன் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, பஸரா அடுத்த தெருவாகவே தோன்றும்.

அந்நூலின் முன்னுரையில் ஜாஹிழ் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறார். சில கதைகளை உரியவர் பெயரோடு தந்ததாகவும், சிலவற்றில் அச்சத்தாலோ மதிப்பினாலோ பெயரை விட்டுவிட்டதாகவும் கூறுகிறார். நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற அவருக்கும் ஓர் எல்லைக்கோடு தேவைப்பட்டது.

நம் காலத்துக்கு அணித்தாக வந்தால், எகிப்தின் தாஹா ஹுஸைனைக் காண்கிறோம். 1889இல் ஒரு சிற்றூர்க் குடும்பத்தில், பதின்மூன்று மக்களுள் ஒருவராகப் பிறந்தவர். கண்ணோவுக்கு நாவிதர் செய்த மருத்துவத்தால் இளமையிலேயே பார்வை இழந்தவர். அவருடைய 'அல்-அய்யாம்' 1929இல் நூலாக வந்தது. அது தன்வரலாறே எனினும், அவர் தம்மை 'நான்' என்று சொல்லவில்லை. 'அந்தச் சிறுவன்' என்றே சொல்லிச் செல்கிறார். ஓதல் பள்ளி ஆசிரியரை அவர் எள்ளி நகையாடியது உண்மை. ஆனால் மனனம் செய்த திருமறையை மறந்துபோய்த் தந்தையின் முன் நாணி நின்ற சிறுவனையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதற்பாகத்தின் இறுதியில் தம் சிறு மகளை விளித்து, அவள் வயதில் தாம் பட்ட வறுமையைச் சொல்லுமிடம் கல்நெஞ்சையும் கரைக்கும்.

இனி நம் தமிழுக்கு வருவோம். முஸ்லிம் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அவர்களின் 'அஸன்பேயுடைய சரித்திரம்'. வெளிவந்த ஆண்டு 1885. கெய்ரோவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை அது. அறிவும் ஒழுக்கமும் புகட்டும் அரிய நூல்தான். ஆயினும் நம் புனைகதை தன் முதல் அடியைத் தூர தேசத்தில் வைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சொந்தத் தாழ்வாரத்துக்கு அது திரும்பிவர நெடுங்காலம் சென்றது.

அண்டை மலையாளத்தில் அத்திருப்பத்தைச் செய்தவர் வைக்கம் முகம்மது பஷீர் (1908–1994). 1944இல் வந்த 'பால்யகாலசகி'யிலேயே அவர் தம் சொந்த வாழ்வின் சாயலைக் கலந்திருந்தார். 'பாத்துமாவின் ஆடு' குறுநாவலிலோ திரைச்சீலையையே அகற்றிவிட்டார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற நாள்களில், 1954இல் எழுதியது, 1959இல் நூலாயிற்று. திருத்தி எழுத எண்ணியிருந்தும், எழுதியவாறே விட்டுவிட்டதாக முன்னுரையில் சொல்கிறார்.

தலையோலப்பறம்பு வீட்டுக்கு ஓய்வு தேடி வருகிறார் எழுத்தாளர். அங்கே ஓய்வைத் தவிர எல்லாம் உண்டு. உம்மா, தம்பிமார், தங்கைமார், அவர்தம் மக்கள், கோழிகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கை பாத்துமாவின் ஆடு. ஆளுக்கொருவராய் அவரிடம் பணம் கேட்கிறார்கள். உம்மாவும் கமுக்கமாகக் கேட்கிறார். ஆடு குட்டி போட்டதும், ஏழை பாத்துமா பாலை நம்பியிருக்க, அவளுக்குத் தெரியாமலே வீட்டார் அதைக் கறந்துகொள்கிறார்கள்.

பெயர்களை மறைக்காத இக்கதையை ஏன் எவரும் புறம் என்று சொல்வதில்லை? காரணம் அந்த ஆட்டிடமே உள்ளது. அது 'பால்யகாலசகி'யையும் 'சப்தங்க'ளையும் தின்று தீர்க்கிறது. ஊர் போற்றும் எழுத்தாளரின் நூல்கள் அவர் வீட்டு ஆட்டுக்கு இரையென்று அவரே எழுதுகிறார். முதல் நகைப்பு தம் மீதே விழும்படி செய்துகொண்ட பின்னரே அவர் பிறரைப் பார்த்து நகைக்கிறார். அந்த நகைப்புக்கு அடியில் அவ்வீட்டின் வறுமையும், அவ்வறுமை மீது அவருக்குள்ள பரிவும் ஒருங்கே தெரிகின்றன.

தமிழில் அத்தாழ்வாரம் முழுமையாகத் திறந்தது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யால் எனலாம். அது வந்தது 1988இல். அஸன்பேக்குப் பின் நூறாண்டுகளுக்கு மேல். பின்னர் 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'சாய்வு நாற்காலி'யில், ஒரு பெருவீடு உள்ளிருந்தே சிதைவதை அவர் காட்டினார். 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அவ்வீட்டின் பெண்கள் பகுதிக்குள்ளும் சென்றது. நம் வீட்டைப் பிறர் பார்க்கத் திறந்துவிட்டார்களே என்று மனம் வருந்தினோர் உண்டு. அவ்வருத்தத்தை நாம் இகழ மாட்டோம். ஆனால் வீட்டில் நோய் உண்டு என்று சொல்வது வேறு. நோயாளியைத் தெருவில் கிடத்துவது வேறு.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் அவ்விளைஞருக்குச் சொன்னோம். இறுதியாக ஒன்று கேட்டோம்: "இக்கதையில் வாப்பா செய்தது இருக்கிறது, உம்மா பட்டது இருக்கிறது. நீர் செய்தது எங்கே?" அவர் விடை சொல்லாமல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கதையுடன் வந்தார். அதில் அக்கரைக் குடும்பம் ஒரே வரியில் வந்து போயிற்று. கதையின் நடுவில் நின்றவன் ஒரு சிறுவன். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவுக்கு வாப்பாவின் கடிதங்களைப் படித்துக் காட்டுபவன் அவன். கடிதம் வரவரச் சுருங்கிக்கொண்டே போக, இல்லாத நலம் விசாரிப்புகளையெல்லாம் அவனே சேர்த்துச் சேர்த்துப் படிக்கிறான்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் அதை உம்மாவிடம் படித்துக் காட்டியதாகச் சொன்னார். "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம். "நீ சேர்த்துப் படிச்சது அப்பவே எனக்குத் தெரியும் வாப்பா, கொடு என்றார்கள்" என்றார்.

நாம் அதற்கு மேல் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. நம் வீடுகளில் சொல்லப்படாத கதைகள் இன்னும் எத்தனையோ உள. உண்மையில் குறை வையாமலும் உறவில் தழும்பு வையாமலும் அவற்றை எழுதும் கரங்களை வல்லோன் நமக்கு அருள்வானாக!