பழைய திருமண கேசட்டை டிவிடியாக மாற்றுகிறீர்களா? படத்தின் வடிவமும் தரமும் கெடாமல் காக்கும் வழிகள்

மும்பை:

கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுப் பரண்களில் விஎச்எஸ் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. திருமணம், வளைகாப்பு, அரங்கேற்றம் என 1980, 1990-களில் பதிவான அந்தக் காட்சிகளில் இன்று உயிருடன் இல்லாத பெரியவர்களின் முகமும் குரலும் அடங்கியுள்ளன.

அந்த கேசட்டுகளுக்கு மும்பையின் ஈரப்பதமே முதல் எதிரி. காந்த நாடாவில் பூஞ்சை படிந்தால் காட்சி அழியத் தொடங்கும். வெள்ளம் அடுத்த ஆபத்து. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாழ்வான கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் கனமழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் தேங்குவது வாடிக்கையாகிவிட்டது. இதனிடையே, விசிஆர் கருவிகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. எனவே, கேசட்டில் உள்ளதை டிவிடியாகவோ கணினிக் கோப்பாகவோ மாற்றும் பணியை நீண்டகாலம் தள்ளிப்போட இயலாது.

ஆனால், அவசரத்தில் செய்யப்படும் மாற்றமே சில வேளைகளில் இழப்புக்குக் காரணமாகிறது. மணமக்களின் முகம் அகன்று தெரிவது, தலை வெட்டுப்படுவது, அட்சதை தூவும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறுவது போன்ற குறைகளுக்கு கேசட்டின் வயது காரணமல்ல; பெரும்பாலும் குறியாக்கத்தின்போது தவறாகத் தெரிவு செய்யப்பட்ட அமைப்புகளே காரணம். டிவிடி வந்துவிட்டதே என்று கேசட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் அந்தத் தவறு நிலைத்துவிடும். இதைத் தவிர்ப்பது எப்படி என்பதைக் காண்போம்.

அகல-உயர விகிதம் என்றால் என்ன?

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையிலான அளவே அகல-உயர விகிதம். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளுக்கும் விஎச்எஸ் கேசட்டுகளுக்கும் இது 4:3. இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளுக்கு 16:9. சினிமாஸ்கோப் திரைப்படங்களில் அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு.

தமிழ்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற கிங்ஸ் சர்க்கிள் அரோரா திரையரங்கில் படம் பார்த்தவர்களுக்கு டிவிடியின் செயல்பாட்டை விளக்குவது எளிது. சினிமாஸ்கோப் படச்சுருளில் காட்சி பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். சுருளை நேரில் பார்த்தால் மனிதர்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். புரொஜெக்டரில் பொருத்தப்படும் சிறப்பு லென்ஸ் அதை இரு மடங்கு விரித்துத் திரையில் இயல்பான வடிவத்தைக் கொண்டுவரும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல் வெளியானது. லென்ஸ் பொருத்த மறந்தால் படம் கெட்டுவிடாது; ஆனால், திரையில் தவறான வடிவில் தெரியும்.

டிவிடியிலும் இதுவே நிகழ்கிறது. இந்தியாவில் பயன்பட்ட பிஏஎல் முறைப்படி, டிவிடியின் முழு அளவுப் படம் 720 x 576 படப்புள்ளிகள் கொண்டது. 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் இந்த எண்ணிக்கை மாறாது. எந்த வடிவில் விரித்துக் காட்ட வேண்டும் என்பதைப் படத்துடன் பதியப்படும் ஒரு குறிப்பே பிளேயருக்குச் சொல்கிறது. டிவிடியில் இந்தக் குறிப்புக்கு 4:3, 16:9 என இரண்டே மதிப்புகள் உண்டு. லென்ஸ் செய்த வேலையை இங்கு இந்தக் குறிப்பு செய்கிறது.

அதிகம் நேரும் நான்கு தவறுகள்

1. 4:3 கேசட்டுக்கு 16:9 என்று குறிப்பிடுதல்: திரை முழுவதும் படம் நிறைந்துவிடும். ஆனால், ஒவ்வொருவரும் இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு அகன்று தெரிவார்கள்.

2. 16:9 பதிவுக்கு 4:3 என்று குறிப்பிடுதல்: 2000-களில் வந்த சில மினிடிவி கேமராக்களில் அகலத்திரைப் பதிவு வசதி இருந்தது. அவற்றின் பதிவை 4:3 எனக் குறித்தால் முகங்கள் கால் பங்கு ஒடுங்கிவிடும்.

3. திரையை நிறைப்பதற்காக வெட்டுதல்: 4:3 படத்தின் மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். மணவறையில் நின்றவர்களின் தலையும், தரையில் வைத்த சீர்வரிசையும் முதலில் மறைவது இதனால்தான். வெட்டப்பட்ட பகுதியை டிவிடியிலிருந்து எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

4. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகளைப் படத்துடன் பதித்தல்: 4:3 படத்தை 16:9 சட்டத்துக்குள் பட்டைகளுடன் பதித்தால் 720-இல் 540 படப்புள்ளிகளே காட்சிக்குக் கிடைக்கும். 4:3 என்று குறித்துவிட்டால் பட்டைகளைத் தொலைக்காட்சியே போட்டுக்கொள்ளும், படப்புள்ளிகள் வீணாகா.

முதல் இரண்டு தவறுகளைச் சரிசெய்ய முடியும். தொலைக்காட்சி ரிமோட்டில் பட அளவை 4:3 என்றோ 16:9 என்றோ மாற்றும்போது வடிவம் சரியாகிறது என்றால், உள்ளே உள்ள காட்சி பத்திரமாக இருக்கிறது. குறிப்பு மட்டுமே தவறு என்று பொருள். மறுகுறியாக்கம் செய்யாமல் குறிப்பை மட்டும் திருத்தி, டிவிடியை மீண்டும் எழுதிக்கொள்ளலாம்.

வடிவம் சரியா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காட்சியில் நேர் எதிராகத் தெரியும் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்கள். சுவர்க் கடிகாரமோ, காரின் சக்கரமோ போதும். அதன் அகலத்தையும் உயரத்தையும் திரைமீது அளவுகோல் வைத்து அளந்தால், இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

ஓரங்களை வெட்ட வேண்டாம்

கேசட்டைக் கணினியில் பதிவு செய்யும்போது படத்தின் அடிப்பகுதியில் சில வரிகள் கலைந்து தெரியும். இடமும் வலமும் மெல்லிய கறுப்பு ஓரங்கள் இருக்கும். குழாய்த் தொலைக்காட்சி படத்தின் விளிம்புகளைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிட்டதால் முன்பு இவை கண்ணில் படவில்லை. இவற்றை வெட்டி, மீதியை 720 x 576 அளவுக்கு இழுத்தால் விகிதம் மாறும். இன்டர்லேஸ் வரிகளும் குழம்பும். கலைந்த வரிகள்மீது கறுப்பு நிறம் பூசினால் போதுமானது.

இன்டர்லேஸ்: தொட வேண்டாத பகுதி

பிஏஎல் வீடியோவில் வினாடிக்கு 25 பிரேம்கள் உள்ளன. ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பீல்டுகளால் ஆனது. ஆக, வினாடிக்கு 50 பீல்டுகள். டிவிடி இந்த முறையை அப்படியே ஏற்கும் என்பதால், டிவிடிக்காக இன்டர்லேஸை நீக்கத் தேவையில்லை.

எந்த பீல்டு முதலில் வருகிறது என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். மினிடிவி பதிவுகளில் கீழ் பீல்டு முதலில் வரும்; பல கேப்சர் கார்டுகளில் மேல் பீல்டு முதலில் வரும். இது மாறிவிட்டால், நடப்பவர்கள் முன்னும் பின்னும் நடுங்குவதுபோல் தெரியும். பரதநாட்டியப் பதிவுகளில் இந்தக் குறை உடனே கண்ணை உறுத்தும். ஊர்வலம் அல்லது நடனம் உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் குறியாக்கம் செய்து தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பிறகு முழுப் பணியைத் தொடங்குவது நல்லது.

பிட்ரேட்: ஒரு வட்டில் எவ்வளவு நேரம்?

டிவிடியில் பயன்படும் எம்பெக்-2 முறை, ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்கு எது மாறியதோ அதை மட்டுமே பெரும்பாலும் சேமிக்கிறது. மந்திரம் ஓதும் புரோகிதரின் காட்சிக்குக் குறைந்த தரவே போதும். ஆனால், தாலி கட்டும் நேரத்தில் எல்லாத் திசைகளிலிருந்தும் அட்சதை பறக்கிறது. ஃபிளாஷ் விளக்குகள் மின்னுகின்றன. கூட்டம் எழுந்து நிற்கிறது. படத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரே நேரத்தில் மாறுவதால் தரவு போதாமல் 16 x 16 படப்புள்ளிக் கட்டங்கள் கண்ணில் படுகின்றன. குடும்பம் மிகவும் விரும்பிப் பார்க்கும் தருணமே அதிகம் சிதைவதற்குக் காரணம் இதுதான்.

ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கணினி இதையே சுமார் 4.4 ஜிபி என்று காட்டும். ஒலிக்கு வினாடிக்கு 192 கிலோபிட்டும், மெனு முதலியவற்றுக்கு 5 சதவீதமும் ஒதுக்கினால், காட்சிக்குக் கிடைக்கும் சராசரி பிட்ரேட் பின்வருமாறு:

- 60 நிமிடம்: 8 மெகாபிட். டிவிடி காட்சியின் உச்சவரம்பு 9.8 மெகாபிட், எனினும், வீட்டில் எழுதிய வட்டுகள் பழைய பிளேயர்களில் தடுமாறாமல் இருக்க 8-இல் நிறுத்துவது பாதுகாப்பானது.
- 90 நிமிடம்: 6.4 மெகாபிட்
- 120 நிமிடம்: 4.7 மெகாபிட்
- 180 நிமிடம்: 3.1 மெகாபிட்

மூன்று மணி நேர கேசட்டை ஒரே வட்டில் அடக்குவதைவிட, முகூர்த்தம் ஒரு வட்டிலும் வரவேற்பு மற்றொரு வட்டிலுமாக இரண்டாகப் பிரிப்பதே சிறந்தது. ஒரே வட்டுதான் வேண்டும் என்றால் 352 x 576 அளவைத் தேர்ந்தெடுக்கலாம். டிவிடி விதிகள் அனுமதிக்கும் இந்த அளவில், விஎச்எஸ் நாடாவின் கிடைமட்டத் தெளிவு பெரும்பாலும் அடங்கிவிடும். படப்புள்ளிகள் குறைவதால் கட்டங்கள் தோன்றுவதும் குறையும். 4:3 குறிப்பு இருந்தால் வடிவமும் மாறாது.

'இருமுறைக் குறியாக்கம்' என்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். மென்பொருள் முதல் முறை முழுப் படத்தையும் ஆராய்ந்து, இரண்டாம் முறை எளிய காட்சிகளில் மிச்சப்படுத்திய தரவைக் கடினமான காட்சிகளுக்கு வழங்கும். 1990-களின் இறுதியில் பரவலான விசிடியில் இதற்கு இடமில்லை. அதில் 352 x 288 படப்புள்ளிகளுக்கு வினாடிக்கு 1,150 கிலோபிட் என்பது மாறாத அளவு. எனவே, கேசட் கைவசம் இருக்கும்போது விசிடியிலிருந்து டிவிடி தயாரிப்பது வீண் வேலை.

வெளிச்சமும் ஒலியும்

டிஜிட்டல் வீடியோவில் கறுப்பின் அளவு 16, வெண்மையின் அளவு 235. 0 முதல் 255 வரை என்று மென்பொருள் தவறாகக் கருதினால், படம் வெளிறிப்போகும் அல்லது வீடியோ விளக்கின் ஒளியில் பட்டுப்புடவையின் ஜரிகையும் வேட்டியின் மடிப்பும் வெண்மையில் கரைந்துவிடும். ஒலி அளவைப் பேச்சுக்கு ஏற்ப வைத்தால் கெட்டிமேளத்தின்போது ஒலி பிளந்துவிடும். கெட்டிமேளப் பகுதியை முதலில் ஓடவிட்டு அதற்கேற்ப அளவை நிர்ணயிக்க வேண்டும். டிவிடிக்கு ஒலி மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்பும்போது

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போலவே பிஏஎல் முறை பயன்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்பட்டது 720 x 480 படப்புள்ளிகளும் வினாடிக்கு 29.97 பிரேம்களும் கொண்ட என்டிஎஸ்சி முறை. அங்குள்ள பழைய பிளேயர்கள் பலவற்றில் பிஏஎல் வட்டு ஓடாது. முறையை மாற்றி மறுகுறியாக்கம் செய்தால் அசைவின் நயம் குறையும். அதைவிடக் கணினிக் கோப்பாக அனுப்புவது எளிது. கணினி, கைபேசிக்கான கோப்பில் 4:3 படத்தை 768 x 576 என்றும், 16:9 படத்தை 1024 x 576 என்றும் அமைத்தால் வடிவம் எங்கும் மாறாது. இந்தக் கோப்புக்கு மட்டும் இன்டர்லேஸை நீக்கி, வினாடிக்கு 50 பிரேம்களாக ஆக்கலாம்.

கடையில் கொடுப்போர் கேட்க வேண்டியவை

- 4:3 கேசட்டை 4:3 குறிப்புடனேயே, எதையும் வெட்டாமல் பதிய வேண்டும்.
- ஒரு வட்டில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் போதும்.
- முழுப் பணிக்கு முன் ஒரு நிமிட மாதிரியைக் காட்ட வேண்டும்.
- டிவிடியுடன், சுருக்கம் குறைந்த மூலப் பதிவையும் ஹார்டு டிஸ்க்கில் தர வேண்டும். டிவி வடிவில் இதற்கு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவை.
- வட்டை 'ஃபைனலைஸ்' செய்திருக்க வேண்டும். இல்லாவிடில் பிற பிளேயர்களில் ஓடாமல் போகலாம்.

எழுதக்கூடிய டிவிடியில் காட்சியைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலும் ஈரமும் அதை அழிக்கும். வட்டுகளை உறையிலிட்டு, நிமிர்த்தி, உலர்ந்த உயரமான இடத்தில் வைப்பதுடன், மூலப் பதிவின் இன்னொரு பிரதியை வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்தால் வெள்ளத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அனைத்துக்கும் மேலாக, புதிய வட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து, வட்டம் வட்டமாகத் தெரிகிறதா, அட்சதைக் காட்சி தெளிவாக உள்ளதா, கெட்டிமேளம் பிளக்காமல் ஒலிக்கிறதா என்பதை உறுதிசெய்த பின்னரும் கேசட்டை எறிந்துவிடக் கூடாது. பதிவில் ஒரு தவறு பத்தாண்டு கழித்துத் தெரியவந்தாலும், நாடா கெடாமல் இருக்கும்வரை அதைத் திருத்த வாய்ப்பு உண்டு.