சிவப்பு மடக்குக் கத்தி: நகலிலிருந்து மூலத்தைக் கண்டறிதல்

மடக்குக் கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளக் கூடிய சிறு கத்தியாகும். தமிழ்நாட்டில் பேனாக்கத்தி என்றும் இதனைச் சொல்வர். இன்று திருவிழாக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் மலிவாகக் கிடைப்பது, சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடியும் எட்டுப் பத்துக் கருவிகளும் கொண்ட ஒரு வகை. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயில் திருவிழாவுக்கு வருவோரும் சாவிக்கொத்து, சீப்பு, பொம்மைகளுக்கு நடுவே இதைப் பார்த்திருக்கக்கூடும். செய்தவர் பெயர் அதில் இராது; இருந்தாலும் யாரும் கேள்விப்படாத பெயராக இருக்கும். ஆயினும் அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதை அதன் உறுப்புகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

பெயரில் உள்ள தடயம்

முதலில் பேனாக்கத்தி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பேனா' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு இறகு என்று பொருள். பறவை இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அதைச் சீவுவதற்கு வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கடலூரின் புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, அங்கே கணக்கு எழுதியவர்களும் இறகால்தான் எழுதினார்கள். இறகுப் பேனா போய் எத்தனையோ காலமாயிற்று. கத்தியின் பெயர் மட்டும் போகவில்லை.

ஓலையில் எழுதிய தமிழருக்கு மடக்கும் உத்தி புதிதன்று. எழுத்தாணி வகைகளில் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. ஒரு புறம் ஓலையை வாரும் கத்தி, மறுபுறம் எழுதும் ஊசி. இரண்டையும் மடக்கிக் கைப்பிடிக்குள் அடக்கிக்கொள்ளலாம். ஒரே கைப்பிடியில் இரண்டு கருவி என்னும் எண்ணம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். ஆனால் கடையில் கிடைக்கும் சிவப்புக் கத்தி மடக்கெழுத்தாணியின் வழித்தோன்றல் அல்ல. அதை விரித்துப் பார்த்தால் தெரியும்.

உறுப்புகள் சொல்வது

கத்தியின் முதுகுப் பக்கம் முறுக்கிய கம்பி ஒன்று இருக்கும். வாங்கியவர்களில் பலர் அதை எதற்கும் பயன்படுத்தியிருக்கமாட்டார்கள். அது திராட்சை மது பாட்டிலின் தக்கையைத் திருகி இழுப்பதற்கானது. தக்கை அடைத்த பாட்டில் நம் வீடுகளில் வழக்கமில்லை. கோலி சோடாவுக்கோ அது உதவாது. அடுத்து வளைந்த அலகுடைய தகர டப்பா திறப்பான். பிறகு, சில நகல்களில், பற்கள் உள்ள தட்டையான ஒரு கருவி. அதன் மேல் அளவுகோல் போலக் கோடுகள் இருக்கும். மீனின் செதில் சுரண்டவும், வாயில் சிக்கிய தூண்டில் முள்ளை எடுக்கவும், பிடித்த மீனை அளக்கவும் ஆனது அது. ஏரிக்கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவருக்குப் பொருந்தும். வலை போட்டுப் பிடித்து, அரிவாள்மனையில் ஆயும் கடலூர்த் துறைமுகத்து மக்களுக்கு அதனால் என்ன பயன்?

நகல் செய்பவர் பெயரை எடுத்துவிடுகிறார், எஃகை மலிவாக்குகிறார், பளபளப்பைக் குறைக்கிறார். ஆனால் எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை என்று அவர் யோசிப்பதில்லை. இருந்ததை இருந்தபடியே வைத்துவிடுகிறார். ஆகவே நம் ஊரில் பயன்படாத உறுப்புகளே மூலம் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன: திராட்சை மதுவும் டப்பா உணவும் ஏரி மீனும் உள்ள நாடு. அது சுவிட்சர்லாந்து.

இபாக் பட்டறை

1880களின் இறுதியில் சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்று முடிவு செய்தது. டப்பா உணவைத் திறக்க வேண்டும். 1889இல் வந்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி வேண்டும். அலகு, துளையிடும் கருவி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் மரக் கைப்பிடியில் அமைந்ததே 1890ஆம் ஆண்டு மாதிரி. அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்கும் ஆற்றல் அப்போது சுவிஸ் பட்டறைகளுக்கு இல்லை. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் வெஸ்டர் நிறுவனத்தில் செய்யப்பட்டன. சுவிஸ் ராணுவக் கத்தி முதலில் ஜெர்மன் கத்தியாக இருந்தது என்பது வேடிக்கைதான்.

இபாக் என்ற ஊரில் 1884 முதல் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்சனர் இந்த வேலை சொந்த நாட்டில் நடக்க வேண்டும் என்று விரும்பினார். 1891இல் அவரும் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சோலிங்கனின் விலைக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெரும் கடனில் விழுந்தார். பின்னாளில் உலகமெங்கும் மலிவுச் சரக்கால் நகலெடுக்கப்பட்ட கத்தி, பிறந்தபோதே மலிவுச் சரக்கிடம் அடிவாங்கியிருக்கிறது.

அவரைக் காப்பாற்றியது இன்னொரு கத்தி. வீரர் கத்தி கனமாக இருந்ததால், அதைவிட இலேசானதாக ஒன்றை வடிவமைத்தார். இரண்டே ஸ்பிரிங்குகள் ஆறு கருவிகளைத் தாங்கும் அமைப்பு அது. இரண்டாவது சிறு அலகும் தக்கைத் திருகியும் இதில்தான் சேர்ந்தன. 1897 ஜூன் 12 அன்று 'அதிகாரிகள், விளையாட்டுக் கத்தி' என இதைப் பதிவு செய்தார். ராணுவம் இதை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. அவர்கள் தம் காசு போட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஜெர்மன் பெயரை உச்சரிக்க மாட்டாமல் 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்றழைக்க, அதுவே நிலைத்தது.

தாயார் விக்டோரியா 1909இல் மறைந்தபின் எல்சனர் அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். சிலுவையும் கேடயமும் சின்னமானதும் அதே ஆண்டில்தான். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' 1921இல் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. வெங்கர் என்ற மற்றொரு சுவிஸ் நிறுவனமும் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துவந்தது. அதை 2005இல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. ஆகவே நகலின் மூலம் இவ்விரண்டில் ஒன்றாக இருக்கலாம். டப்பா திறப்பானின் நுனியில் சிறு திருப்புளி இருந்தால் விக்டோரினாக்ஸ் வழி எனக் கொள்ளலாம். கைப்பிடியில் உள்ள முத்திரையில் சிலுவையைச் சுற்றிக் கேடயம் போன்ற வடிவம் இருந்தாலும் அப்படியே; முனை மழுங்கிய சதுரம் இருந்தால் வெங்கரைப் பார்த்திருக்கிறார்கள்.

நகலும் போலியும்

இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது சரியன்று. ஒரு வடிவத்தைப் பார்த்து அதுபோல் செய்வது நகல். பிறர் பெயரையும் முத்திரையையும் பொறித்து விற்பது போலி. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, பதிவான வடிவத்துக்குப் பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும்தான் பாதுகாப்பு. வணிகச் சின்னத்தையோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். வடிவம் பொதுச்சொத்தாகிவிடும், பெயர் ஆகாது.

இந்த வேறுபாட்டைச் சட்டம் கற்றுக்கொண்டதில் கத்திக்கும் பங்கு உண்டு. சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகளில் 'ஷெஃபீல்டு' என்று பொறித்து விற்கிறார்கள் என ஆங்கிலேயப் பட்டறைக்காரர்கள் முறையிட்டார்கள். 1887இல் பிரிட்டன் வணிகச் சரக்குக் குறிகள் சட்டம் இயற்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவிலும் 1889இல் அதே வகைச் சட்டம் வந்தது. பொருள்களில் 'இன்ன நாட்டில் செய்தது' என்று நாம் படிக்கும் வரி பரவலானது இத்தகைய சட்டங்களால்தான்.

சிவப்புக் கத்தியே நீதிமன்றம் ஏறியதும் உண்டு. சீனாவில் செய்த மலிவுக் கத்தியை 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்ற பெயரில் ஆரோ டிரேடிங் என்னும் நிறுவனம் அமெரிக்காவில் விற்றது. விக்டோரினாக்ஸின் அமெரிக்க விநியோகஸ்தரான ஃபார்ஷ்னர் வழக்குத் தொடர்ந்து கீழ் நீதிமன்றத்தில் தடை பெற்றார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை ஏற்கவில்லை. அப்பெயர் ஒரு கத்தி வகையைக் குறிக்கிறதேயன்றி, சுவிட்சர்லாந்தில் செய்தது என்று சொல்வதாகக் கொள்ள முடியாது என்பது அதன் கருத்து. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்குப் போய் 1997 வரை நீண்டது.

வாங்குவோர் கவனத்துக்கு ஒன்று. பரவலாக விற்கும் 91 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் கத்தியில் அலகுக்குப் பூட்டு கிடையாது. முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் இறுக்கமே அலகை நிறுத்துகிறது. நகலிலும் பூட்டு இராது. ஸ்பிரிங்கும் பெரும்பாலும் தளர்வாக இருக்கும். வாங்கும்போது அலகைப் பாதி திறந்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினாலோ, தானே மடிந்தாலோ, அதன் நுனியால் எதையும் குத்தித் துளைக்க வேண்டாம். அழுத்தும்போது அலகு மடிந்து விழுவது நம் விரல் மேல்தான்.