சபர்மதிக் கரையின் ஞாயிற்றுச் சந்தை

பிழைப்பு நாடி வந்த நம்மை ஏற்றுக்கொண்ட அகமதாபாத் நகரை 1411-இல் நிறுவியவர் சுல்தான் அகமது ஷா. இங்குள்ள குஜரி பஜாரும் அவர் காலத்தில் தோன்றியதே என்பர். 1954 முதல் அது சபர்மதிக் கரையில், எல்லிஸ் பாலத்தின் அருகே கூடலாயிற்று. ஞாயிறுதோறும் கூடுவதால் மக்கள் அதனை ‘ரவிவாரி’ என அழைக்கின்றனர். பழைய நூல்கள், கருவிகள், கட்டில்கள், பாத்திரங்கள் யாவும் ஆங்கே எளிய விலைக்குக் கிடைக்கும். வெறுங்கையுடன் வந்து குடித்தனம் தொடங்கியோர்க்கு அஃது எத்துணைப் பெரிய துணை என்பதை நாம் நன்கறிவோம்.

1997-இல் ஆற்றங்கரை மேம்பாட்டுக்கெனத் தனிக் கழகம் ஒன்றை மாநகராட்சி அமைத்தது. கரைகள் உயர்ந்தன; நடைபாதைகள் நீண்டன. கரைக் குடிசைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் புறத்தே குடியேற்றப்பட்டன. சந்தைக்கும் இடர் நேர்ந்தது. ஆயினும் வணிகர்கள் கலங்கி நிற்கவில்லை. சங்கமாக ஒன்றுகூடி உயர் நீதிமன்றத்தை அணுகினர். கல்வி நிலையத்தார் துணையுடன் மாற்றுத் திட்டமும் வகுத்தளித்தனர். ஆறு பொலிவு பெறுவதை அவர்கள் மறுக்கவில்லை. அப்பொலிவில் தமக்கும் இடம் கேட்டனர்.

2014-இல் மேடைகளும் மர நிழலும் அமைந்த புதிய சந்தை திறக்கப்பெற்றது. இது சிறிய வெற்றியன்று. எனினும் மேடைகளுக்கு எண்ணிக்கை உண்டு. துணி விரித்து விற்கும் ஏழையர்க்கோ எண்ணிக்கை இல்லை. ஏட்டில் பெயர் ஏறாதவனுக்கும் இடமளிப்பதே சந்தையின் பழைய அறம். அவ்வறம் நிலைக்குமாயின் ஆற்றங்கரை மெய்யாகவே அழகு பெற்றதென நாம் மகிழலாம்.