ஒளியும் இருளும்: ஓர் இரங்கலுரையின் சொல்வன்மை

மறைந்த தலைவரைக் குறித்துப் பேசுதல் எளிதன்று. புகழ் மிகுந்தால் உரை பொய்போலத் தோன்றும். துயர் மிகுந்தால் கேட்போர் செயலற்றுப் போவர். இவ்விரு குற்றங்களுக்கும் தப்பி, நாட்டைக் காக்கும் பணியையும் மேற்கொண்ட இரங்கலுரை ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேரு, காந்தியடிகளின் மறைவு குறித்து வானொலியில் ஆற்றிய உரையே அது.

அன்று மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில், டில்லி பிர்லா மாளிகையில் வழிபாட்டுக் கூட்டத்துக்கு நடந்து சென்ற அடிகள் சுடப்பட்டு வீழ்ந்தார். நாடு பிரிவினையுற்று ஆறு மாதமும் நிறையவில்லை. பிரிவினைக் கலவரங்களில் மாண்டோருக்காகச் சிந்திய கண்ணீர் இன்னும் உலரவில்லை. மீண்டும் பழிக்குப்பழி மூளுமோ என்ற அச்சம் சூழ்ந்திருந்த வேளையில், அன்றிரவே நேரு பேசினார். கையில் எழுதி வைத்த உரை இல்லை.

தம் வாழ்விலிருந்து ஒளி நீங்கியது, எங்கும் இருள் சூழ்ந்தது என்று அவர் தொடங்கினார். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தமக்குத் தெரியவில்லை என்றார். நம் பழந்தமிழர் இந்நிலையைக் கையறுநிலை என்றனர். தலைவனை இழந்தோர் இனிச் செய்வதறியாது கலங்கும் நிலை அது. நேரு முதலிற் பிரதமராக நின்று ஆறுதல் கூறவில்லை. இழந்தோருள் ஒருவராக நின்று கலங்கினார். அதனாலேயே கேட்போர் அவர் பின்னே செல்ல இசைந்தனர்.

அடுத்து, அவ்வுரையின் உயிர்நிலையான திருப்பம் வருகின்றது. ஒளி நீங்கியது என்று தாம் கூறியது தவறென அவர் தம்மைத் தாமே மறுத்தார். அவ்வொளி சாதாரண ஒளியன்று. ஆயிரம் ஆண்டுகள் சென்ற பின்னும் அது காணப்படும் என்றார். இங்கே சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. முதலிற் கூறிய ஒளி ஒரு மனிதர், அணையக்கூடியது. பின்னர்க் கூறிய ஒளி அவர் வாழ்ந்து காட்டிய உண்மை, அணையாதது. எடுத்த எடுப்பிலேயே இவ்வாறுதலைக் கூறியிருப்பின் அது வெறும் உபசாரமாய் முடிந்திருக்கும். துயரை முழுதும் ஒப்புக்கொண்ட பின்னர் வந்தமையால் அது நெஞ்சிற் பதிந்தது.

கொலையாளியைப் பற்றிய பகுதியும் நுணுகி நோக்கத்தக்கது. கொன்றவன் ஓர் இந்து, நாதுராம் கோட்சே. இவ்வுரையின் ஆங்கில வடிவில் அவனுடைய பெயரும் இல்லை, மதமும் இல்லை. பித்தன் என்ற ஒரு சொல்லே உண்டு. பின்னர் நீதிமன்றத்தில் அவன் தன் செயலுக்கு நீண்ட காரணங் கூறினான். 1949ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி தூக்கிலிடப்பட்டான். எனவே பித்தன் என்பது மருத்துவ முடிபன்று. அவனை எந்தச் சமூகத்தின் பிரதிநிதியாகவும் ஏற்காத அரசியற் சொல் அது. எனினும் நேரு அதனோடு நிற்கவில்லை. நாட்டிற் பரவியிருந்த நஞ்சையும் சுட்டினார். பித்து ஒருவனுக்கு உரியது. நஞ்சோ அனைவரும் சேர்ந்து அகற்ற வேண்டியது.

சினத்தால் எவரும் தவறிழைத்தல் ஆகாது என்று அவர் எச்சரித்தார். வன்செயலைக் கண்டால் அடிகளின் ஆன்மா வருந்தும் என்றார். இறந்தவர் இங்கே இரங்கற்குரியவராக மட்டும் இல்லை. இருப்போரின் நடத்தையை அளக்கும் நடுவராகவும் ஆகிவிட்டார். இறுதியில், மறுநாள் உண்ணாநோன்பும் வழிபாடும் நிகழுக, மாலை நான்கு மணிக்குத் தகனம் நடைபெறும் வேளையில் மக்கள் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ சென்று வழிபடுக என்றார். துயருற்ற கைகளுக்கு ஒரு பணி கிடைத்தது.

சொல்லின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அவ்வுரைக்குப் பின்னரும் மகாராட்டிரத்தின் பல பகுதிகளில், கொலையாளியின் சாதியினர் என்பதற்காகவே பிராமணர் பலர் தாக்கப்பட்டனர். அவர்தம் வீடுகள் எரிந்தன. எச்சரிக்கை வீணன்று என்பதற்கு இதுவே சான்று. அது எல்லார் செவியிலும் ஏறவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

இரங்கலுரையை அதன் அடைமொழிகளைக் கொண்டு அளப்பது வழக்கம். இறந்தவரின் பெயரால் இருப்போரிடம் அது எதனைக் கேட்கின்றது என்பதே தக்க அளவுகோலாகும். பழிவாங்கும்படி கேட்பது எளிது. அன்றிரவு நேரு அடக்கத்தைக் கேட்டார்.