கிணற்று நீரும் காரண நிரூபணமும்: சுன்னாக வழக்கு – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே ஊறித் தேங்கும் மழைநீரே அங்கு குடிநீராகவும் தோட்ட நீராகவும் பயன்படுகின்றது. ஆதலாற்றான் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும் வழக்கம் நிலவி வந்தது. கிணற்றைப் பற்றிய பழைய பிணக்குகள் பெரும்பாலும் நீரின் பங்கீட்டைப் பற்றியனவேயன்றி, அதன் தூய்மையைப் பற்றியனவல்ல. நீரைக் கெடுத்தவர் யார் என்னும் வினா மன்றேறியபோது, அதனை நிரூபிப்பது எவ்வாறு என்னும் வினாவும் உடன் எழுந்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் சுன்னாக நிலத்தடி நீர் வழக்கில் வழங்கிய தீர்ப்பை இவ்வினாவின் வரலாற்றில் வைத்து நோக்குதல் பயனுடையது.

குடாநாட்டின் வழமைகள் ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, 1707 இல் தேசவழமை என்னும் பெயரால் நடைமுறைக்கு வந்தன. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதனை உறுதிப்படுத்தினர். சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஈடு, காணி விற்பனையில் முன்னுரிமை ஆகியவற்றை விரித்துரைக்கும் அத்தொகுப்பு, ஒருவர் பிறருக்கு இழைக்கும் தீங்கிற்கான பொறுப்பைப் பற்றிப் பொதுக் கோட்பாடு எதனையும் வகுக்கவில்லை. தேசவழமை மௌனமாயிருக்கும் இடங்களில் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமே ஏற்புடையதாகும். எனவே தீங்கியலைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்துக் கமக்காரனும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டிற்குரியதெனக் கருதப்படும் அக்குவீலியச் சட்டத்தின் வழிவந்த நெறியினாலேயே ஆளப்படுகின்றான்.

அந்நெறியின்படி நட்டஈடு கோரும் வாதி நான்கு விடயங்களை நிலைநாட்டுதல் வேண்டும்: எதிராளியின் செயல் சட்டமுறையற்றது, அது வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ செய்யப்பட்டது, வாதிக்கு இழப்பு நேர்ந்தது, அவ்விழப்பு அச்செயலாலேயே விளைந்தது. இறுதியாகக் கூறப்பட்டதே காரணகாரியத் தொடர்பு. அச்செயல் நிகழாதிருந்தால் இத்தீங்கு நேர்ந்திருக்குமா என்பதே வழமையான சோதனையாகும். குற்றவியல் வழக்கிற் போல ஐயத்திற்கிடமின்றி நிரூபித்தல் ஈண்டு வேண்டப்படுவதில்லை. நிகழ்தகவுச் சமநிலையில் நிரூபித்தல் போதுமானது.

ஆயினும் இவ்விலகுவான அளவுகோலும் பல வேளைகளில் எட்டாத உயரமாகிவிடுகின்றது. 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரியாணி சொய்சா வழக்கு இதற்குச் சான்று. மருத்துவக் கவனயீனம் பற்றிய அவ்வழக்கிலே, கீழ் நீதிமன்றங்கள் வழங்கிய நட்டஈடு தள்ளுபடி செய்யப்பட்டது. கவனயீனமே குழந்தையின் இறப்பை விளைவித்தது அல்லது விரைவுபடுத்தியது என்பது நிகழ்தகவுச் சமநிலையில் நிரூபிக்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். தவறு இருந்தாலும் தொடர்பு நிறுவப்படாவிடின் பரிகாரம் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மறுதலையான நிலையை இங்கிலாந்திலே காணலாம். தோல் பதனிடும் ஆலையொன்றிற் சிந்திய கரைப்பான் திரவம் சுண்ணப் பாறையினூடே இறங்கி, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தொலைவிலிருந்த கேம்பிறிட்ஜ் நீர் நிறுவனத்தின் குழாய்க் கிணற்றைக் கெடுத்தது. அத்திரவம் சென்ற வழியை அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். எனினும், இத்தகைய விளைவை அக்காலத்தில் எவரும் முன்னுணர்ந்திருத்தல் இயலாது என்று கூறிப் பிரபுக்கள் சபை 1993 இல் ஆலையைப் பொறுப்பினின்று விடுவித்தது. ஆகவே, காரணத்தை நிறுவுவது ஒன்று, பொறுப்பைச் சுமத்துவது மற்றொன்று என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்தின் நில அமைப்போ இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றது. வெடிப்புகளும் குகைவழிகளும் நிறைந்த சுண்ணக்கற் பாறையிலே நீர் செல்லும் திசை, மழையாலும் இறைப்பாலும் மாறக்கூடியது. ஒரு கிணற்றிற் படரும் எண்ணெய் தான் வந்த இடத்தைச் சொல்வதில்லை. துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் ஒவ்வொரு தோட்டத்திலும் எரிபொருள் புழங்கலாயிற்று. அன்றியும், தீங்கு பற்றிய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டுமென 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. மெல்ல ஊறும் நஞ்சு எந்நாளில் கிணற்றை எய்தியது என்பதை எவர் அறிவார்?

இத்தகைய பின்னணியிலேதான் சுன்னாக விவகாரம் எழுந்தது. சுன்னாகத்திலே மின்சார சபையின் பழைய மின்நிலையம் நெடுங்காலம் இயங்கியது. போரின் இறுதியாண்டுகளில் நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் அங்கு நிறுவப்பட்டது. அயற்கிணறுகளில் எண்ணெய் காணப்படுவதாக மக்கள் முறையிட்டனர்; தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை மேற்கொண்ட சோதனைகள் பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தமையைக் காட்டின. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவுகளோ சர்ச்சைக்குள்ளாயின. 2015 இன் தொடக்கத்தில் மக்கள் போராட்டம் வலுப்பெற, மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டில் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். அது தீங்கியல் வழக்கன்று. எனினும் தீங்கியலின் வினாக்களே அங்கும் எழுந்தன. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, நிலையத்தின் இயக்கம் நிலத்தடி நீரையும் மண்ணையும் மாசுபடுத்தியதென முடிவு செய்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறி, அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை (1) வழங்கும் சமத்துவ உரிமையை மீறின எனவும் காணப்பட்டது. மக்கள் அடைந்த இழப்பின் ஒரு பகுதிக்கேனும் ஈடாக 2 கோடி ரூபாவை நிறுவனம் செலுத்துதல் வேண்டும் எனவும், அத்தொகையைக் குறைந்தது 500 பேருக்கு, ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமற் பகிர்தல் வேண்டும் எனவும் பணிக்கப்பட்டது.

இத்தீர்ப்பின் சிறப்பு, நிரூபிக்கப்பட வேண்டிய பொருளை அது மாற்றியமைத்தமையாகும். இன்ன துளி இன்ன கிணற்றில் வீழ்ந்தது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் நீர் முழுவதும் ஒரு பொருளாகவும், அங்கு வாழ்வோர் யாவரும் ஒரு சாராராகவும் கொள்ளப்பட்டனர். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துதல் வேண்டும் என்னும் கோட்பாடு இதற்குத் துணைநின்றது. எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலே 2000 ஆம் ஆண்டிலேயே அக்கோட்பாடு இலங்கையில் இடம்பெற்றிருந்தது. தமிழ்நாட்டின் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் மேலும் ஒருபடி சென்று, தன் செயல் சுற்றாடலுக்குக் கேடற்றதென நிரூபிக்கும் சுமை அதனைச் செய்பவரையே சாரும் என்றது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தமை அத்தீர்ப்பிலே எடுத்துக்காட்டப்பட்டது. அத்தகைய இடத்தில் தனித்தனிக் காரணம் தேடுவது வீண் என்பது வெளிப்படை.

எனினும் குறை தீர்ந்துவிடவில்லை. 40,000 ரூபா ஒரு குடும்பத்தின் நீரிழப்பிற்குப் போதுமா என்பது ஒருபுறமிருக்க, அந்நீரைப் பருகியமையால் நோயுற்றதாகக் கருதும் ஒருவர் தனி நட்டஈடு கோரினால், அவர் பழைய சோதனைக்கே மீளவும் முகங்கொடுத்தல் வேண்டும். மேலும், குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையை ஆய்வாளர் 1980 களிலேயே சுட்டிக்காட்டினர். அதற்குக் காரணம் ஒரு நிறுவனமன்று. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளுமே. அங்கு வாதியும் எதிராளியும் ஒருவரே.

காரண நிரூபணம் என்பது வெறும் சான்றியல் நுணுக்கமன்று. அறியாமையின் சுமையை எவர் தாங்குவது என்னும் நீதி வினாவே அதன் உள்ளீடாகும். நீரின் வழி தெளிவற்றதாயின், அத்தெளிவின்மையால் நட்டமடைவோர் கிணற்றையே நம்பி வாழ்வோரா, அன்றி நிலத்திற் கழிவைச் சேர்த்தோரா என்பதைச் சட்டமே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். சுன்னாகத் தீர்ப்பு அத்தேர்வை ஒரு வட்டாரத்தளவில் செய்துள்ளது. தனியொருவரின் உடலுக்கு நேரும் தீங்கையும், பலர் சேர்ந்து விளைக்கும் தீங்கையும் அதே நெறியில் அணுகுவது எவ்வாறு என்பதே தீங்கியல் பயில்வோர் முன்னுள்ள அடுத்த வினாவாகும்.