பதக்கப் பட்டியலுக்கு வெளியே

நம் பள்ளிகளில் விளையாட்டு வரலாறு பெரும்பாலும் பதக்கப் பட்டியலாகவே சொல்லப்படுகின்றது. வென்றவர் யார், வென்ற ஆண்டு எது என்பதோடு செய்தி முடிந்துவிடும். தகுதிச் சுற்றில் பின்தங்கிய மாணவன் அப்பட்டியலில் தனக்கு இடமில்லை எனக் கருதி, மறுநாளே திடலுக்கு வருவதை நிறுத்திக்கொள்வதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அத்தகையோர்க்கு டாக்டர் எம். ஜெகதீசனின் வரலாற்றைச் சற்று வேறு வகையில் எடுத்துரைக்கலாம்.

கோலகங்சாரில் 1943ஆம் ஆண்டு பிறந்த அவர், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவைப் பிரதிநிதித்து 400 மீட்டர் ஓடியபோது அவருக்குப் பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. தொடக்கச் சுற்றுகளிலேயே வெளியேறினார். ஈராண்டு கழித்து ஜாகர்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். சிங்கப்பூரில் மருத்துவம் பயின்றபடியே பயிற்சியையும் விடாது தொடர்ந்தார். 1964இல் தோக்கியோவில் அரையிறுதிவரை சென்றும், இறுதி ஓட்டத்தின் எண்மருள் ஒருவராக இயலவில்லை. 1966இல் பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். 'பறக்கும் மருத்துவர்' எனப் புகழப்பட்ட அவரது கதையைப் பலரும் இவ்விடத்திலேயே முடித்துவிடுவர்.

எனக்கோ, இதற்குப் பின் நிகழ்ந்ததே பெரிதாகத் தோன்றுகின்றது. ஆசியாவில் அத்துணைப் பெயர் ஈட்டியவர் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அவரோ, இருமுறை தம்மை வெறுங்கையுடன் அனுப்பிய ஒலிம்பிக்கிற்கே மூன்றாம் முறையும் சென்றார். 1968இல் மெக்சிகோ நகரில் மீண்டும் அரையிறுதி. மீண்டும் இறுதிக்கு வாய்ப்பில்லை. 200 மீட்டர் இறுதியில் அமெரிக்கர் டாம்மி ஸ்மித் 19.83 வினாடியில் வென்றார். ஜெகதீசன் அப்போட்டியில் எட்டிய நேரம் 20.92 வினாடி. இடைவெளி, தடத்தில் அளந்தால், சுமார் பத்து மீட்டர். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலிருந்த அந்நகரின் அடர்த்தி குறைந்த காற்று விரைவோட்டக்காரர் எல்லார்க்கும் துணைநின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பதக்கம் ஒன்றும் கொணராத அப்பயணத்தில் பதிவான நேரமே மலேசியாவின் தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நிலைத்தது.

மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹபிஸ் ஜந்தான் 2017இல் 20.90 வினாடியில் ஓடி அதனை முறியடித்தார். வேறுபாடு ஒரு வினாடியின் நூற்றில் இரு பங்கே. அவ்விளைஞர் பிறந்தபோதே அச்சாதனைக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது.