கைதிகள் எழுப்பிய ஆலயமும் கட்டுண்ட இரட்சகரும்

ஜார்ஜ்டவுன் லெபோ ஃபர்குஹாரில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைத் தூண்கள், முக்கோண முகப்பு. 2007-இல் அதைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அதற்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் கைதிகள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கடல் கடத்தியவர்கள்.

1796-இல் அந்தமான் குடியிருப்பை மூடியபோது அங்கிருந்த கைதிகளையும் பினாங்குக்குத்தான் அனுப்பினார்கள். இந்தத் தீவின் ஆரம்பகாலச் சாலைகளில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் கம்பெனி ஆட்சியில் 1849 வரை சட்டப்படி இருந்தது. நெற்றியில் முள்முடி தாங்கிய ஒருவரை வணங்கும் ஆலயத்தை, நெற்றியில் குற்றம் எழுதும் ஆட்சி கைதிகளை வைத்தே எழுப்பியது. பாடுபட்ட ஒரு தெய்வம் இந்தக் கைதிகளுக்கு என்ன சொல்லியிருக்கும்?

சுலபமான பதில் ஒன்று உண்டு. 'அவரே பொறுத்துக்கிட்டார், நீயும் பொறுத்துக்கோ.' புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரம், கொடுமைக்கார எஜமானுக்கும் கீழ்ப்படியும்படி வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, உடனே கிறிஸ்துவின் பாடுகளை முன்மாதிரியாகக் காட்டுகிறது. அடிமை முறை நடந்த நாடுகளில் எஜமானர்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடித்திருந்தது. நமக்கும் இது புதிது இல்லை. தோட்டத்து லயத்தில் 'தலையெழுத்து' என்று சொன்னார்கள், கல்யாணமான பெண்ணிடம் 'பொறுத்துக்கோ' என்று சொன்னார்கள். சாமி பெயர் மாறுது, புத்திமதி மாறலை.

இந்தக் கேள்வியோடுதான் நான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் போனேன். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்தவர், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் எழுதிய ஆங்கில நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது 1894-இல் வெளிவந்தது; 3766 பாடல்கள். பனியனும் ஒரு கைதி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அவர் கதையில் யாத்திரிகன் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழும். ஆனால், இரட்சகர் பட்ட பாடுகளை அவர் விரித்துச் சொல்வதில்லை. கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. கம்பனில் ஊறிய மனுஷன். அந்தப் பாடுகளைத் தனிப் படலமாகவே பாடினார்.

அந்தப் படலத்தில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. இயேசுவைக் கயிற்றால் கட்டி நிறுத்துகிறார்கள். அவரைப் பிணித்திருப்பது கயிறு என்று நினைக்காதீர்கள், பகைத்தவர்கள் மீதும் அவர் வைத்த அன்புதான் என்கிறார் கவிஞர். அறுத்துக்கொண்டு போகும் வல்லமை உள்ளவர் போகாமல் நிற்கிறார். சங்கிலியில் வந்த கைதிக்கு அந்தத் தெரிவு கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'நீயும் அவர் மாதிரி நில்' என்று சொல்வது ஏமாற்று வேலை. தானாக ஏற்ற பாடு வேறு, தலையில் கட்டிய பாடு வேறு.

இரண்டாவது, சுற்றி நிற்கும் ஜனங்கள். இரட்சகர் வாய் திறப்பதில்லை, அவர்கள் சும்மா இருப்பதில்லை. இந்தக் கொடியவர்களைப் பூமி பிளந்து விழுங்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என்று குமுறுகிறார்கள். ராமன் காட்டுக்குப் போகும்போது அழுத அயோத்தி மக்களின் சாயல் அதில் தெரியும். பாடுபடுகிறவர் பொறுக்கலாம், பார்க்கிறவர் பொறுக்கக் கூடாது. கிருஷ்ணபிள்ளை இதை உபதேசமாக எங்கும் சொல்லவில்லை, நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வைணவத்தில் அவதாரம் துஷ்டர்களை அழிக்க வரும். இங்கே அவதாரமே துஷ்டர்கள் கையில் அழிகிறது. அந்த மரபிலிருந்து வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய திருப்பமாக இருந்திருக்கும்! சிலுவை அந்தக் காலத்தில் பூஜைப் பொருளும் இல்லை. ரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. அரசாங்கம் விசாரித்து, தீர்ப்பு எழுதி, குற்றத்தைத் தலைக்கு மேலே பலகையில் மாட்டிக் கொன்றது.

அதனால், லெபோ ஃபர்குஹார் ஆலயத்தைக் கட்டியவர்களுக்கு அந்தச் சிலுவை 'பொறுத்துக்கோ' என்று சொன்னதாக என்னால் நம்ப முடியவில்லை. தீர்ப்பு சொன்ன நாற்காலியில் தெய்வம் இல்லை, தீர்ப்பு வாங்கினவன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அந்தப் பாடுகளின் அர்த்தம். உள்ளே பிரசங்கம் கேட்டு உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரிகளைவிட, வெளியே கல் சுமந்தவர்களுக்கு அந்தக் கதை நெருக்கமானது.